மருந்தின் நான்காம் கூறு



திருக்குறளின் தொண்ணூற்றைந்தாம் அதிகாரம் 'மருந்து'. அதன் கடைசிக் குறளில் வள்ளுவர் வைத்தியத்தை நான்கு கூறாகப் பகுக்கிறார். நோயுற்றவன் ஒன்று, நோயைத் தீர்க்கும் வைத்தியன் ஒன்று, மருந்து ஒன்று. இம்மூன்றையும் எவரைக் கேட்டாலும் சொல்லிவிடுவர். நான்காவதாக வள்ளுவர் நிறுத்துவது நோயாளியின் பக்கத்தில் நின்று பணி செய்பவனை. 'உழைச்செல்வான்' என்று அவனுக்குப் பெயரிடுகிறார். 'உழை' என்றால் பக்கம். வடமொழியில் சரக சங்கிதையும் இதே நான்கையும் வைத்தியத்தின் நான்கு கால்களாகக் கூறுகிறது.

உரை செய்த பரிமேலழகர் ஒவ்வொரு கூற்றுக்கும் நான்கு இயல்புகளை வகுத்துக் காட்டுகிறார். பணி செய்பவனுக்கு அவர் சொல்பவை: நோயாளியிடத்து அன்பு, மனம் மொழி மெய்களின் தூய்மை, சொல்லியதைச் சொல்லியபடி செய்யும் வன்மை, அறிவு. இந்த நான்காவது இயல்பை நேயர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். பக்கத்தில் நிற்பவனும் அறிவுடையவனாதல் வேண்டும் என்று பழைய உரைகாரர் எழுதிவைத்திருக்கிறார். வைத்தியம் பயில வரும் இளைஞர்கள் மூன்றாவது இயல்பைப் பிறரிடத்து எதிர்பார்க்க விரைவிலே பழகிவிடுகின்றனர். நான்காவது இயல்பு பிறரிடத்தும் உண்டு என்பது அவர்களிற் பலருக்கு மறந்துபோகிறது. அந்த மறதி எங்கிருந்து வந்தது என்பதையே இன்று நாம் பார்க்கவிருக்கிறோம்.

இதைத் தீவகத்தில் இருந்துகொண்டு கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. நெடுந்தீவில் ஒரு நள்ளிரவில் கர்ப்பிணி ஒருத்திக்கு இரத்தப்போக்குத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை முதலில் அறிபவர் பெரும்பாலும் அவளது வீட்டுப்படி ஏறியிறங்கிப் பழகிய குடும்பநல மாது. பிறகு வைத்தியர், தாதி. தள்ளுவண்டியைப் பிடிக்கச் சிற்றூழியர். இறங்குதுறைக்கு வாகனம் ஓட்ட ஒருவர். கடலிலே படகோட்ட ஒருவர். குறிகட்டுவானுக்குக் கடல்வழி ஏறக்குறைய ஒரு மணி நேரம். சோளகம் வீசினால் அது நீளும். அங்கே அம்புலன்ஸ் காத்திருக்கவேண்டும். புங்குடுதீவு, வேலணை, பண்ணைப் பாலம் ஆகியவற்றைத் தாண்டி யாழ்ப்பாணம் சேரும்போது அங்கே சத்திரசிகிச்சைக்கு ஆட்கள் ஆயத்தமாக நிற்கவேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் அந்தத் தாய் கரை சேரமாட்டாள். பட்டணத்து ஆஸ்பத்திரியில் ஒருவர் விட்ட பிழையை அடுத்த அறையில் நிற்பவர் திருத்திவிடக்கூடும். தீவிலே அடுத்த அறை என்பது கடலுக்கு அப்பால் இருக்கிறது.

ஆகவே, கூட்டாக வேலை செய்யும் மனப்பாங்கு பயிற்சி வைத்தியர்களிடம் இருக்கிறதா என்ற கேள்வி எங்களுக்கு வெறும் கல்விக்கேள்வியன்று. நோயாளியோடு படகில் ஏறும் கேள்வி அது.

இனி வரலாற்றுக்கு வருவோம். பரராசசேகரம், செகராசசேகரம் முதலிய வைத்திய நூல்களைக் கண்ட மண் இது. அந்த மரபு பெரும்பாலும் பரம்பரையாக, தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கியது. ஏட்டைப் பிறர் கையிற் கொடுக்கும் வழக்கம் அரிது. மருந்தை இடித்தவர்களும் குளிகை உருட்டியவர்களும் வீட்டிலேதான் இருந்தனர். ஆனால் கைராசி வைத்தியர் ஒருவருக்கே உரியது என்று ஊர் நம்பியது. வைத்தியன் என்றால் தனியாள் என்ற எண்ணம் இங்கே பழையது. ஆங்கில வைத்தியம் மட்டும் கொண்டுவந்த குணம் என்று அதனைச் சொல்லிவிட முடியாது.

ஆங்கில வைத்தியம் அமெரிக்க மிஷனோடு வந்தது. டொக்டர் ஜோன் ஸ்கடர் 1819 இல் இலங்கைக்கு வந்து பண்டத்தரிப்பிலே பணிபுரிந்தார். அவருக்குப் பின் டொக்டர் நேதன் வார்ட் வட்டுக்கோட்டையிற் பணியாற்றினார். 1847 இல் வந்தவர் டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன். ஆறுமுக நாவலர் பிறந்த அதே 1822 ஆம் ஆண்டிலே பிறந்தவர். இருவரும் சமயத்தில் எதிரெதிர்க் கரையில் நின்றவர்கள். தமிழ் உரைநடையைப் புதிய வேலைகளுக்குப் பயிற்றியதில் இருவருக்கும் பங்குண்டு. கிறீனுடைய நோக்கம் சமயம் பரப்புவது என்பதை மறைக்கவேண்டியதில்லை. ஆயினும் வைத்தியக் கல்வியில் அவர் செய்த வேலை அந்த நோக்கத்தையும் தாண்டி நிற்கிறது.

1848 இல் மானிப்பாயில் அவர் வகுப்பைத் தொடங்கினார். இரண்டு ஆண்டுகள் கழித்து, அரசாங்க அதிபர் டைக் முன்னின்ற சகாய நிதிச் சங்க ஆஸ்பத்திரி யாழ்ப்பாணத்தில் எழுந்தது. இன்றைய போதனா வைத்தியசாலையின் மூலவித்து அது. கிறீனின் மாணவர்கள் அங்கும் கடமை புரிந்தனர். முதலில் ஆங்கிலத்தில் நடந்த வகுப்பு 1864 இலிருந்து தமிழில் நடந்தது. அவரிடம் பயின்று வெளியேறிய வைத்தியர் அறுபத்திருவர். அவர்களுள் முப்பத்து மூவர் தமிழிலே பயின்றவர்கள்.

நான் ஒரு தமிழாசிரியன். ஆகையால் இந்த வகுப்பை அதன் நூல்கள் வழியாகவே பார்க்கப் பழகியவன். 'இரண வைத்தியம்' 1867 இலும், 'மனுஷவங்காதிபாதம்', 'வைத்தியாகரம்' ஆகியன 1872 இலும், 'கெமிஸ்தம்' 1875 இலும் வெளிவந்தன. இவற்றின் பின்னால் கிறீன் என்ற ஒரு பெயர் மட்டும் நிற்கவில்லை. டன்போர்த், சப்மன், வில்லியம் போல் என்று மிஷன் பெயர் சூட்டப்பட்ட தமிழ் மாணவர்கள் மொழிபெயர்த்தனர். கிறீன் ஒப்புநோக்கித் திருத்தினார். ஆங்கிலச் சொல்லின் பொருள் ஆசிரியருக்குத் தெரியும். அதற்குத் தமிழ் எது என்பது மாணவருக்குத் தெரியும். ஒரு நரம்புக்கோ எலும்புக்கோ பெயர் வைக்கவேண்டுமானால் ஆசிரியர் மாணவரைக் கேட்கவேண்டும். மாணவர் ஆசிரியரைக் கேட்கவேண்டும். ஒருவர் இல்லாமல் மற்றவருக்கு ஒரு பக்கமும் நகராது.

கூட்டுப்பணி என்பதை எவரும் பாடமாக எடுக்கவில்லை. வேலையே அதைப் படிப்பித்தது. 1873 இல் கிறீன் நோயுடன் தாயகம் திரும்பிய பின்னரும் அந்த வேலை நிற்கவில்லை. மானிப்பாய்க்கும் மசசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகருக்கும் இடையே அச்சுப் படிகள் கடல் கடந்து போய்வந்தன. 'மனுஷ சுகரணம்' 1883 இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு கிறீன் காலமானார். தமிழருக்கு வைத்திய ஊழியஞ் செய்தவர் என்பதையே அவரது கல்லறையும் சொல்கிறது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். மாணவர்கள் மேனாட்டு உடைக்கும் நடைக்கும் மாறுவதைக் கிறீன் விரும்பவில்லை. ஊரோடு ஊராக நிற்பவனிடமே ஊர் வாய் திறக்கும் என்பதை அவர் கண்டிருக்கவேண்டும். தமிழிலே நோயைப் பற்றிப் பேசும் வைத்தியனின் பேச்சு, கட்டுப் போடுகிறவனுக்கும் விளங்கும். தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறவனுக்கும் விளங்கும். விளங்கியவன் தான் கண்டதைத் திருப்பிச் சொல்வான். பொதுமொழி இல்லாத இடத்தில் கட்டளை மட்டுமே மிஞ்சும்.

ஆனாலும் அந்த வகுப்பை நாம் பொற்காலமாக்கிவிடக் கூடாது. அங்கே பெண்கள் இல்லை. 'பிரசவ வைத்தியம்' என்ற நூல் 1857 இலேயே தமிழில் வந்துவிட்டது. ஆனால் பிரசவம் பார்த்த கைகள் அந்த நூலுக்கு வெளியே இருந்தன. நமது சமூகத்தில் மருத்துவிச்சி வேலையைப் பெரும்பாலும் செய்துவந்தவர்கள் சாதி அடுக்கிலே கீழே தள்ளி வைக்கப்பட்ட குடும்பத்துப் பெண்கள். குழந்தை வெளியே வரும்வரை அவள் கை வேண்டும்; வந்தபின் அவள் திண்ணைக்கு வெளியே நிற்கவேண்டும். இந்த வழக்கத்திலே வளர்ந்த வீட்டுப் பிள்ளைதான் வைத்தியம் படிக்கப் போனான். பக்கத்தில் நிற்பவளுக்கு அறிவுண்டு என்று அவன் எண்ணாமற்போனதற்கு ஆங்கிலக் கல்வியை மட்டும் குற்றஞ் சொன்னால் அது நம்மை நாமே ஏமாற்றுவதாகும்.

1870 இல் கொழும்பில் வைத்தியப் பள்ளி தொடங்கிற்று. படிப்பு ஆங்கிலத்தில் நடந்தது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளும் வைத்தியராக அங்கே போயினர். காலப்போக்கில் வைத்தியர், அப்போதிக்கரி, தாதி, மருந்து கலப்பவர், சிற்றூழியர் என்று படிகள் உறுதியாயின. நாட்டுப்புற மருந்தகங்கள் பலவற்றைத் தனியே தாங்கி நின்ற அப்போதிக்கரியைக்கூட 'முழு டொக்டர்' இல்லை என்று சொல்லும் பேச்சு வழக்குக்கு வந்தது. நோயாளியின் கட்டிலருகே வைத்தியர்கள் தமக்குள் ஆங்கிலத்திற் பேசிக்கொண்டனர். நோயாளிக்கும் விளங்காது, பக்கத்தில் நிற்பவருக்கும் விளங்காது. கிறீனின் வகுப்பிலே மொழி ஆசிரியரையும் மாணவரையும் சேர்த்து வைத்தது. கட்டிலருகே அதே மொழி வேலி ஆகிவிட்டது.

அந்த வேலியைத் தாண்டி வேலை செய்தவர்கள் பெண்கள். 1898 இல் இணுவிலிலே பெண்களுக்கென மக்லியொட் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. 1926 இல் தெற்கே களுத்துறையில் இலங்கையின் முதற் சுகாதார அலகு தொடங்கியது. குறித்த ஒரு நிலப்பரப்புக்குப் பயிற்றப்பட்ட மருத்துவிச்சியை நியமித்து, அவளை வீடுதோறும் போகச் செய்யும் முறை அங்கிருந்து நாடெங்கும் பரவியது. அதன் பயனை எண்களே சொல்லும். 1930களில் இலங்கையில் ஒரு இலட்சம் உயிர்ப்பிறப்புக்கு 2,000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். அண்மைய ஆண்டுகளில் அந்த எண் முப்பது, நாற்பது என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. மலேரியா ஒழிப்பு, வீதிகள், இலவச ஆஸ்பத்திரிகள், பெண்கல்வி யாவற்றுக்கும் இதிலே பங்குண்டு. ஆனால் ஆபத்தை முதலிற் கண்டு, வைத்தியரிடம் உரிய நேரத்தில் அனுப்பிய மருத்துவிச்சியை விலக்கிவிட்டு இந்தக் கணக்கை எவராலும் எழுத முடியாது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் 1978 இல் ஆரம்பமானது. நீண்ட இடைவெளியின் பின் வைத்தியக் கல்வி மீண்டும் இந்த மண்ணுக்கு வந்தது. வந்த வேகத்திலேயே யுத்தமும் வந்தது. 1987 ஒக்ரோபர் 21, 22 ஆம் திகதிகளில் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்குள் இந்திய அமைதிப்படையினரால் நோயாளர்களோடு 21 பணியாளர்களும் கொல்லப்பட்டனர். டொக்டர் சிவபாதசுந்தரம், டொக்டர் கணேசரத்தினம், குறளுரைகாரரின் பெயரையே தாங்கிய டொக்டர் பரிமேலழகர் ஆகிய வைத்தியர்களும், தாதியரும், அம்புலன்ஸ் சாரதியும், சிற்றூழியர்களும் அதில் அடங்குவர். அவர்கள் அனைவரையும் வைத்தியசாலை ஒரே அஞ்சலியில் நினைவுகூர்கிறது. அங்கே படிநிலை கிடையாது. உயிரோடு இருக்கும்போது கிடையாத சமத்துவம் நினைவுநாளில் மட்டும் கிடைப்பது போதுமா என்பதே என் ஆதங்கம்.

இந்த மனப்பாங்கு நமக்கு மட்டும் உரியதன்று. 2000 ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகை ஓர் ஆய்வை வெளியிட்டது. ஐந்து நாடுகளின் வைத்தியசாலைகளில் 1,033 வைத்தியர், தாதியரிடமும், உலகின் பல விமானக் கம்பனிகளில் 30,000க்கு மேற்பட்ட விமான ஓட்டுநர் குழுவினரிடமும் ஒரே வகைக் கேள்விகள் கேட்கப்பட்டன. மேலே உள்ளவரின் தீர்மானத்தைக் கீழே உள்ளவர் கேள்வி கேட்கக் கூடாது என்ற கருத்தை விமான ஓட்டுநரில் நூற்றுக்கு 97 பேர் மறுத்தனர். மூத்த சத்திரசிகிச்சை வைத்தியரில் மறுத்தவர்கள் நூற்றுக்கு 55 பேரே.

விமானத்தை விடுங்கள். ஊர்காவற்றுறையிலிருந்து பாய்மரத் தோணிகள் ஓடிய காலத்தை அறிந்தவர்களைக் கேளுங்கள். தோணியிலே தண்டையல் சொல்வதுதான் சட்டம். ஆயினும் அணியத்தில் நிற்கும் சின்னப் பெடியன் "பார் தெரியுது" என்று கத்தினால், 'நீ யாரடா சொல்ல?' என்று தண்டையல் கேட்பதில்லை. சுக்கானைத் திருப்புவான். பாறையிலே தோணி மோதினால் தண்டையலும் மூழ்குவான் என்பது அவனுக்குத் தெரியும். விமான ஓட்டுநருக்கும் அப்படியே. வைத்தியர் நிற்பதோ கரையில், மூழ்குவது நோயாளி. வேறுபாட்டுக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

என்னிடம் படித்த தீவக மாணவன் ஒருவன் வைத்தியனாகி, உள்ளகப் பயிற்சியை முடித்துக்கொண்டு ஒருநாள் வீட்டுக்கு வந்திருந்தான். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே வேண்டாம். ஓர் இரவு வயதான அற்றெண்டன் ஒருவர் அவனிடம் வந்து, "டொக்டர், அந்தக் கட்டில் ஐயா வழமையா இப்பிடிக் கதைக்கிறவர் இல்லை" என்றாராம். நித்திரைக் கலக்கம் என்று இவன் அவரை அனுப்பிவிட்டான். அரைமணி கழித்துத் தாதியும் அதையே சொல்ல, போய்ப் பார்த்தான். நீரிழிவு நோயாளியான அவருக்கு இரத்தத்திற் சீனி மிகக் குறைந்து, மயக்கத்தின் விளிம்பிலே கிடந்தார். உடனே சிகிச்சை கொடுத்துக் காப்பாற்றிவிட்டனர்.

"அவர் சொன்னது சரியோ பிழையோ எண்டு நான் யோசிக்கவே இல்லைச் சேர். சொன்னது ஆர் எண்டுதான் பாத்தன்," என்றான்.

"விடியப் பெரிய டொக்டரிட்டை இதைச் சொன்னனீயோ, தம்பி?" என்று கேட்டேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "பயம் சேர்" என்றான்.

இந்த இரண்டு விடைகளும் எனக்கு ஒரே விடையாகப்பட்டன. மேலே பேசப் பயப்படுகிறவன் கீழேயிருந்து வரும் பேச்சைக் கேட்கவும் பழகமாட்டான். நோயாளரைப் பார்வையிடும் வரிசையிலே மூத்தவர் ஒருவர் தாதியைக் கடிந்துகொள்வதை முதலாமாண்டில் மாணவன் பார்க்கிறான். நாலாமாண்டில் தானும் கடியுண்கிறான். பயிற்சிக் காலத்தில் தனக்குக் கீழே ஒருவர் நிற்கக் கண்டதும், தனக்குக் கிடைத்ததைக் கொடுக்கத் தொடங்குகிறான். எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத பாடம் இது. தீய மனம் வேண்டியதில்லை. நல்ல பிள்ளையே இதைக் கற்றுக்கொள்கிறான். என் மாணவன் நல்ல பிள்ளை.

உலகம் இதற்கு மருந்து தேடாமல் இல்லை. சுவீடன் நாட்டு லிங்கோப்பிங் பல்கலைக்கழகம் 1986 முதலே வைத்தியம், தாதியம் முதலிய துறை மாணவரை ஒன்றாக இருத்திப் படிப்பித்து வருகிறது. 1988 இல் உலக சுகாதார நிறுவனம், சேர்ந்து வேலை செய்யச் சேர்ந்து கற்கவேண்டும் என்பதையே ஓர் அறிக்கையின் தலைப்பாக்கியது. பின்பு அதே நிறுவனம் சத்திரசிகிச்சைக்கென 19 விடயங்கள் கொண்ட சரிபார்ப்புப் பட்டியலை வகுத்தது. புதுடில்லி உட்பட எட்டு நகரங்களின் எட்டு ஆஸ்பத்திரிகளில் அது பரீட்சிக்கப்பட்டு, 2009 இல் முடிவு வெளிவந்தது. சத்திரசிகிச்சையின் பின் இறந்தோர் வீதம் நூற்றுக்கு 1.5 இலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. அந்தப் பட்டியலில் ஒரு விடயம் என்னை வியக்க வைத்தது. கத்தி வைக்குமுன் அறையில் நிற்கும் ஒவ்வொருவரும் தமது பெயரையும் தாம் செய்யும் வேலையையும் வாய்விட்டுச் சொல்லவேண்டும். ஒருமுறை தன் பெயரைச் சொல்லி வாய்திறந்தவர், பிழையைக் கண்டால் மறுமுறையும் வாய்திறப்பார் என்பது அதன் கருத்து.

தலைமை வேண்டாமா என்று நேயர்கள் கேட்கலாம். வேண்டும். இரத்தம் போய்க்கொண்டிருக்கும்போது கூட்டம் கூடி வாக்கெடுக்க முடியாது. முடிவும் அதன் பொறுப்பும் வைத்தியருடையவை. தோணிக்கும் தண்டையல் ஒருவனே. ஆனால் முடிவெடுக்குமுன் கேட்பதும், எடுத்த முடிவு பிழையென்று ஒருவர் சொன்னால் நின்று பார்ப்பதும் தலைமையைக் குறைப்பதில்லை.

எனக்கு ஓர் ஆசையுண்டு. வைத்தியம் பயிலும் ஒவ்வொருவரும் சில வாரங்களாவது தீவகத்து ஆஸ்பத்திரி ஒன்றிலே தங்கவேண்டும். தாதியப் பயிற்சி பெறுபவரும் குடும்பநல மாதுவாகப் பயில்பவரும் அவர்களோடு கூட நிற்கவேண்டும். குடும்பநல மாதுவோடு நடந்துபோய் ஒரு வீட்டுத் திண்ணையிலே இருக்கவேண்டும். நோயாளியோடு ஒருமுறையாவது படகிலே வரவேண்டும். கையிலே சேலைன் போத்தலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, படகோட்டியின் முகத்தையே பார்த்தபடி வருகிற அந்த ஒரு மணி நேரத்தில், எத்தனை பேருடைய அறிவிலே தன் வைத்தியம் மிதக்கிறது என்பது இளம் வைத்தியனுக்கு விளங்கும்.

அன்று மானிப்பாயில் ஒரு சொல்லுக்காக ஆசிரியரும் மாணவரும் ஒருவரையொருவர் கேட்டனர். கேட்டதனாலே தமிழுக்கு ஒரு வைத்திய நூல்வரிசை கிடைத்தது. இன்று கேட்கவேண்டியது ஒரு சொல்லுக்காகவன்று, ஓர் உயிருக்காக. பக்கத்தில் நிற்பவரைத் திரும்பிப் பார்த்து, 'நீங்கள் என்ன கண்டனீங்கள்?' என்று கேட்கப் பழகிய வைத்தியன், வள்ளுவர் சொன்ன நான்கு கூற்றையும் நிறைத்தவனாவான்.

என் மாணவன் இப்போது தீவுகளில் ஒன்றிலேயே கடமை புரிகிறான். அண்மையிற் கண்டபோது, "அற்றெண்டன் அண்ணையிட்டைத்தான் சேர் முதல் விசாரிக்கிறனான்," என்றான்.